'கபோட்டி': திறந்த ஒவ்வொரு கதவுக்கும் ஒரு விலை

எழுத்தாளரைப் பற்றிப் படம் எடுக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். எழுதுவது கண்ணுக்குத் தெரியாத வேலை. தட்டச்சு இயந்திரத்தைக் காட்டலாம், கசக்கி எறிந்த தாளைக் காட்டலாம், நள்ளிரவில் எரியும் விளக்கைக் காட்டலாம். அதற்குமேல் கேமராவுக்கு அந்த அறையில் வேலை இல்லை. பென்னட் மில்லர் இயக்கி 2005-ல் வந்த 'கபோட்டி' இந்தச் சிக்கலில் மாட்டிக்கொள்ளவில்லை. அமெரிக்க எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டி எழுதுவதை அது ஏறக்குறைய காட்டுவதே இல்லை. அவர் தகவல் சேகரிப்பதைத்தான் காட்டுகிறது. யார் வீட்டுக் கதவை எப்படித் தட்டினார், உள்ளே போக என்ன கொடுத்தார், பதிலுக்கு என்ன எடுத்துக்கொண்டு வந்தார் என்பதுதான் படம் முழுக்க ஓடும் சரடு.

நடந்தது இதுதான். 1959 நவம்பர் 15 அதிகாலை, கான்சாஸ் மாநிலத்தின் ஹோல்கம் என்ற சிற்றூரில் விவசாயி ஹெர்பர்ட் கிளட்டர், மனைவி பானி, 16 வயது மகள் நான்சி, 15 வயது மகன் கென்யன் ஆகிய நால்வரும் சொந்த வீட்டிலேயே கொல்லப்பட்டார்கள். வீட்டில் பணப்பெட்டி இருக்கிறது என்ற சிறைக்கூட்டாளியின் பேச்சை நம்பி வந்த ரிச்சர்ட் ஹிக்காக்கும் பெர்ரி ஸ்மித்தும்தான் கொலையாளிகள். பெட்டி எதுவும் இல்லை. கிடைத்தது 50 டாலருக்குள், ஒரு ரேடியோ, ஒரு பைனாகுலர். மறுநாள் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் வந்த சிறிய செய்தியைப் பார்த்துவிட்டு, 'நியூயார்க்கர்' இதழுக்காகக் கபோட்டி கிளம்பினார். டிசம்பர் நடுவில் கான்சாஸ் போய்ச் சேர்ந்தார். கூடவே சிறுவயதுத் தோழி ஹார்ப்பர் லீ. அவருடைய புகழ்பெற்ற நாவலான 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' அப்போது அச்சுக்குப் போகக் காத்திருந்தது. 1960 ஜூலையில்தான் வெளிவந்தது. ஒரு கட்டுரைக்காகப் போன கபோட்டியால், கொலையாளிகள் 1965 ஏப்ரல் 14 அன்று லான்சிங் சிறையில் தூக்கிலிடப்படும்வரை அந்த விஷயத்தை விட்டு வெளியே வர முடியவில்லை. அதன் விளைவு 'இன் கோல்ட் பிளட்' என்ற புத்தகம்.

திரைக்கதை எழுதிய டான் ஃபட்டர்மேனுக்கு மூலம், ஜெரால்ட் கிளார்க் 1988-ல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு. ஐந்நூறு பக்கங்களைத் தாண்டும் அந்த நூலில் அலபாமாச் சிறுவன் இருக்கிறான், நியூயார்க் விருந்துகளின் நாயகன் இருக்கிறார், போதையில் அழிந்துபோன முதியவரும் இருக்கிறார். ஃபட்டர்மேன் 1959 நவம்பர் முதல் 1965 ஏப்ரல் வரை உள்ள துண்டை மட்டும் வெட்டி எடுத்தார். அந்த வெட்டுதான் படத்தைக் காப்பாற்றியது என்பேன். பிறப்பிலிருந்து இறப்புவரை ஓடும் வாழ்க்கைப் படங்களில் எந்தச் சம்பவமும் அடுத்ததைப் பிறப்பிப்பதில்லை. வருடங்கள் மட்டும் நகரும். இங்கே ஒவ்வொரு காட்சியும் முந்தைய காட்சியில் வாங்கிய கடனைச் சுமந்துகொண்டு வருகிறது. கபோட்டியின் இளமைப்பருவம் பின்னோக்குக் காட்சியாக எங்கும் வராது. தேவைப்படும்போது அவரே அதை எடுத்து, எதிரில் இருப்பவர் முன் வைப்பார். அதைச் செலவழிக்கக்கூடிய நாணயம் போலக் கையாள்வார்.

நான்சியின் தோழியிடம் அவர் பேசும் காட்சியைப் பாருங்கள். அந்தப் பெண் வாய் திறக்கத் தயங்குகிறாள். கபோட்டி கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டுத் தன்னைப் பற்றிச் சொல்கிறார்: தான் பேசும் விதத்தை வைத்தே மக்கள் தன்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள், அது எப்போதும் தவறாகவே இருக்கிறது என்று. அந்தரங்கத்துக்கு அந்தரங்கம். சற்று நேரத்தில் நான்சியின் நாட்குறிப்பு அவர் கைக்கு வருகிறது. நேர்காணல் எடுத்துப் பழகியவர்களுக்கு இந்த உத்தி தெரிந்திருக்கும். மௌனமாக இருப்பவரைப் பேச வைக்கக் கேள்வியைவிட ஒப்புதல் விரைவாக வேலை செய்யும். படம் இதைக் கண்டிக்கவுமில்லை, வியக்கவுமில்லை. கபோட்டியாக நடித்த பிலிப் சீமோர் ஹாஃப்மேனின் முகத்தில் அந்த வேதனை உண்மையானதாகவும் இருக்கிறது, அதே நொடியில் பயன்படுத்தப்படுவதாகவும் இருக்கிறது. இரண்டையும் பிரிக்க முடியாமல் வைத்திருப்பதுதான் ஹாஃப்மேன் இந்தப் படத்தில் செய்த பெரிய காரியம். குரலைப் பிடித்ததை எல்லோரும் பாராட்டினார்கள், ஆஸ்கரும் கிடைத்தது. குரல் அதில் சிறிய பாதிதான். கபோட்டியின் உயரம் 160 சென்டிமீட்டர் அளவில். ஹாஃப்மேன் அவரைவிட ஏறத்தாழ அரையடிக்கு மேல் உயரம். படம் இதை மறைக்கப் பெரிதாகப் போராடவில்லை. தோளைக் குறுக்கி, தலையைப் பின்னால் சாய்த்து, பேசுமுன் ஒரு நொடி எதிராளியின் முகத்தை அளந்துவிட்டுப் பேசும் அந்தப் பழக்கம் உயரத்தை மறக்கடித்துவிடுகிறது.

அந்தப் பெண்ணின் காட்சிக்கு முன்பே படம் தன் கணக்கைத் தொடங்கிவிட்டது. கான்சாஸ் போகும் ரயிலில் ஒரு சிப்பந்தி கபோட்டியின் எழுத்தைப் புகழ்கிறார். அவருக்குக் காசு கொடுத்துப் புகழ வைத்தது கபோட்டிதான் என்பதை லீ உடனே கண்டுபிடித்துவிடுகிறார். வேடிக்கைக் காட்சி போலத்தான் கடந்துபோகும். ஆனால் பின்னால் சிறை அதிகாரி முன் ஒரு உறை நகர்த்தப்படும்போது இந்த ரயில் காட்சி நினைவுக்கு வர வேண்டும். இந்த மனிதர் தனக்கு வேண்டியதை விலை கொடுத்து வாங்கத் தெரிந்தவர்.

ஊர் அவருக்கு உடனே திறக்கவில்லை. கான்சாஸ் புலனாய்வுத் துறையின் ஆல்வின் டியூயி (கிறிஸ் கூப்பர்) அவரைச் செய்தியாளர் கூட்டத்துக்கு வரச் சொல்கிறார், அவ்வளவுதான். கபோட்டி தன் கழுத்துத்துணி எந்த உயர்ந்த கடையில் வாங்கியது என்று சொன்னால், டியூயி தன் தொப்பி எல்லோரும் வாங்கும் சாதாரணக் கடையான சியர்ஸ் ரோபக்கில் வாங்கியது என்று பதில் சொல்கிறார். அந்த ஒற்றைப் பதிலில் இரண்டு அமெரிக்காக்கள் எதிரெதிரே நிற்கின்றன. திறந்துவிடுவது டியூயியின் மனைவி மேரி. படத்தில் டியூயி வீட்டு விருந்துமேஜைதான் திருப்புமுனை. உண்மையில் முதலில் கதவைத் திறந்தது வேறு வீடு. ஹோல்கமுக்கு அருகிலுள்ள கார்டன் சிட்டியின் வழக்கறிஞர் கிளிஃபர்ட் ஹோப்பும் அவர் மனைவி டொலோரஸும் அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் விருந்துக்குக் கபோட்டியையும் லீயையும் அழைத்தார்கள். அதன்பின்தான் ஊரின் மற்ற வீடுகளும் அழைக்கத் தொடங்கின. படம் இரண்டு குடும்பங்களை ஒன்றாக்கிவிட்டது. நாடகத்துக்கு இது சரி. ஆனால் ஒரு நுணுக்கம் தொலைந்துபோகிறது. சிற்றூரில் ஆய்வு செய்யப் போகிறவர் முதலில் பிடிக்க வேண்டியது வழக்கோடு தொடர்பில்லாத, ஊரே மதிக்கும் ஒரு குடும்பத்தை. அவர்கள் வீட்டில் சாப்பிட்டவர் என்ற பேச்சு பரவினால் பாதி வேலை முடிந்தது. புலனாய்வாளரின் வீட்டிலிருந்தே தொடங்கினால் வழக்கை அவர் கண்ணால் மட்டுமே பார்க்க நேரும்.

கபோட்டிக்கு அந்த விபத்தும் நேர்ந்தது. புத்தகத்தின் நாயகன் டியூயி. கொலையாளிகளைப் பற்றிச் சிறையிலிருந்து துப்பு வந்ததும் அவர் நொடியும் தாமதிக்காமல் ஆள் அனுப்பியதாகப் புத்தகம் சொல்கிறது. ஹிக்காக்கின் பெற்றோர் பண்ணைக்குப் புலனாய்வாளர்கள் போனது ஐந்து நாள் கழித்துத்தான் என்பது, அந்தத் துறையின் பழைய கோப்புகள் வழியாக 2013-ல் வெளியே வந்தது. பிறகு புத்தகம் படமானபோது மேரி டியூயிக்கு ஆலோசகர் என்ற பெயரில் 10,000 டாலர் ஒப்பந்தம் கிடைக்கக் கபோட்டி வழிசெய்தார். இதில் எதையும் மில்லரின் படம் தொடவில்லை. அதன் பார்வை வேறொரு கடனின் மேல் இருந்தது.

குறிப்பெடுக்கும் முறைக்கு வருவோம். கபோட்டி நேர்காணலின்போது நோட்டுப் புத்தகமும் எடுப்பதில்லை, ஒலிப்பதிவுக் கருவியும் வைப்பதில்லை. இரண்டில் எதைப் பார்த்தாலும் மக்கள் தங்கள் பேச்சை மாற்றிக்கொள்கிறார்கள் என்பது அவர் வாதம். நண்பர்களை ஒரு பகுதியை வாசிக்கச் சொல்லி, கேட்டதை நினைவிலிருந்து எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பயிற்சி எடுத்ததாகச் சொன்னார். படத்தில் அவர் சொல்லிக்கொள்ளும் நினைவுத்திறன் 94 சதவீதம். நேர்காணல்களில் இந்த எண் அங்கும் இங்கும் நகர்ந்துகொண்டே இருந்தது. படம் மிக வேகமாகக் கடந்துபோகும் விஷயம் இதற்குப் பின்னால் இருக்கிறது. பகலில் கபோட்டியும் லீயும் சேர்ந்து ஒருவரைப் பார்ப்பார்கள். இரவில் கார்டன் சிட்டியின் வாரன் ஹோட்டலுக்குத் திரும்பி, தனித்தனியாக உட்கார்ந்து, கேட்டதை எழுதுவார்கள். பிறகு ஒப்பிடுவார்கள். இரண்டும் ஒத்துவராத இடம் இருந்தால் அதே ஆளிடம் மீண்டும் போவார்கள்.

இந்த முறையின் பலம் முழுக்க இரண்டாவது ஆளிடம் இருக்கிறது. ஒருவரின் நினைவு தன் தவறைத் தானே கண்டுபிடிக்காது. கேட்ட வாக்கியம் சற்று அழகாகி, சற்று கூர்மையாகித்தான் நினைவில் தங்கும். அப்படி ஆனதே அவருக்குத் தெரியாது. லீ தட்டச்சு செய்து கொடுத்த குறிப்புகள் 150 பக்கங்கள் அளவில், கபோட்டியின் காகிதங்களோடு நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கின்றன. வீட்டின் அறை அமைப்பு, ஊர் மனிதர்கள், நீதிமன்றம் என்று கண்ணால் அளந்து எழுதிய குறிப்புகள் அவை. கேத்தரின் கீனர் நடித்த லீ, படத்தில் அமைதியான சாட்சியாகவே நிற்கிறார். கீனர் அதை மிக நன்றாகச் செய்திருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உழைப்பாளி லீ போய், மனசாட்சி லீ மட்டும் மிஞ்சியிருக்கிறார். இந்தப் படத்தின்மேல் எனக்குள்ள பெரிய வருத்தம் இதுதான்.

இரண்டாவது ஆள் இல்லாத இடங்களில் என்ன ஆனது என்பதற்குச் சான்று உண்டு. புத்தகம் வந்த 1966-லேயே ஃபிலிப் டாம்ப்கின்ஸ் கான்சாஸ் போய், அதில் பேர் வந்தவர்களைச் சந்தித்து 'எஸ்கொயர்' இதழில் எழுதினார். நான்சியின் குதிரை பேப் ஏலத்தில் 75 டாலருக்கு வெளியூர் விவசாயி ஒருவரிடம் போனதாகவும், அவர் அதை உழவுக்குப் பூட்டக்கூடும் என்றும் புத்தகத்தில் வரும். உண்மையில் அதை உள்ளூர்க்காரர் ஒருவர் 182.50 டாலருக்கு வாங்கியிருந்தார். தூக்குமேடையில் பெர்ரி மன்னிப்புக் கேட்டதாகப் புத்தகம் சொல்கிறது. அருகில் நின்ற சிலர் அப்படி எதையும் கேட்கவில்லை. கல்லறையில் டியூயி நான்சியின் தோழியைச் சந்திக்கும் கடைசிப் பகுதி நடக்கவேயில்லை. இந்தப் பிழைகளின் அளவைவிட அவை சாயும் திசைதான் முக்கியம். எல்லாமே கண்ணீரின் பக்கம் சாய்கின்றன. குதிரையின் விலை குறைகிறது, கொலையாளி மென்மையாகிறான், முடிவில் ஆறுதல் கிடைக்கிறது. நினைவிலிருந்து எழுதப்பட்ட எந்த உண்மைக் கதையைச் சோதிக்க விரும்பினாலும் முதலில் கதைக்கு மிகவும் பொருத்தமாக உட்காரும் விவரத்தைத்தான் தட்டிப் பார்க்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால் படமும் இதையே செய்கிறது. கபோட்டி இறுதிச்சடங்குக்கூடத்துக்குப் போய்ச் சவப்பெட்டியைத் திறந்து பார்க்கும் காட்சி ஒன்று உண்டு. பஞ்சு சுற்றிய தலைகள். மறக்க முடியாத காட்சி. கிளட்டர் குடும்பத்தின் அடக்கம் நவம்பர் 18 அன்றே முடிந்துவிட்டது. கபோட்டி வந்தது அதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் பின்னால். பஞ்சு சுற்றிய தலைகள் புத்தகத்தில் வேறொருவர் கண்வழியாக வந்தவை. அதேபோல் தூக்கு நிறைவேறும் நாளில் அவரோடு கான்சாஸ் போவது படத்தில் 'நியூயார்க்கர்' ஆசிரியர் வில்லியம் ஷான். உண்மையில் போனவர் புத்தகத்தை வெளியிட்ட ரேண்டம் ஹவுஸ் பதிப்பகத்தின் ஜோ ஃபாக்ஸ். இதழாசிரியர், நூலாசிரியருக்கான பதிப்பாசிரியர் என்ற இரண்டு பாத்திரங்களை ஒன்றாக்கியது எனக்குத் தவறாகப் படவில்லை. அத்தனை பெயர்களை ஒரு மணி ஐம்பத்து நான்கு நிமிடப் படம் தாங்காது. சவப்பெட்டிக் காட்சி வேறு வகை. அது கபோட்டியின் குணத்தைப் பற்றி ஒரு குற்றச்சாட்டை, நடக்காத ஒன்றை வைத்துச் சொல்கிறது.

கொலையாளிகள் 1959 டிசம்பர் 30 அன்று லாஸ் வேகஸில் பிடிபட்டார்கள். 1960 மார்ச்சில் விசாரணை முடிந்து தீர்ப்பு வந்தது. இதுவரை படம் ஓட்டமாக ஓடும். அதன்பின் வேகம் இறங்குகிறது, இறங்கத்தான் வேண்டும். மேல்முறையீடுகள் ஐந்து ஆண்டுகள் நீண்டன. இந்த ஐந்து ஆண்டுகளில் கபோட்டி ஸ்பெயினின் கடற்கரையிலும் சுவிட்சர்லாந்திலும் உட்கார்ந்து புத்தகத்தின் பெரும்பகுதியை எழுதி முடித்தார். வாரம் இரண்டு முறை இருவருக்கும் கடிதம் எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார். முடிவு மட்டும் இல்லை. இருவரும் விடுதலையானால் புத்தகம் குலையும். வழக்கு இழுத்துக்கொண்டே போனால் புத்தகம் தொங்கும். தூக்கு நிறைவேறினால் மட்டுமே கடைசிப் பக்கம் எழுதலாம். தனக்கு நெருக்கமானவனின் சாவை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பது என்றால் என்ன? ஃபட்டர்மேனுக்கு இந்தக் கேள்வியை எழுப்பியது, பத்திரிகையாளருக்கும் அவர் எழுதும் கொலைக்குற்றவாளிக்கும் உள்ள உறவைப் பற்றி ஜேனட் மால்கம் எழுதிய புத்தகம். திரைக்கதையின் முதுகெலும்பு அங்கிருந்து வந்தது.

கிளிஃப்டன் காலின்ஸ் நடித்த பெர்ரி உண்ணாமல் கிடக்கும்போது கபோட்டி குழந்தைகளுக்கான உணவுப் புட்டிகளை வாங்கிவந்து கரண்டியால் ஊட்டுகிறார். உயிரைக் காப்பாற்றும் அன்பு அது. ஆதாரத்தைக் காப்பாற்றும் அவசரமும் அதுவே. பெர்ரி இன்னும் அந்த இரவைப் பற்றி வாய் திறக்கவில்லை. முதலில் மேல்முறையீட்டுக்கு வழக்கறிஞர் தேடித் தரும் கபோட்டி, பிறகு வரும் அழைப்புகளை எடுப்பதில்லை. புத்தகத்தின் பெயரைப் பெர்ரி கேட்கும்போது இன்னும் வைக்கவில்லை என்று பொய் சொல்கிறார். கொலைக் காட்சியைப் படம் இறுதிப்பகுதிவரை தள்ளிப்போட்டதற்குக் காரணம் இங்கே தெரியும். பெர்ரியை நாமும் விரும்பத் தொடங்கி, கபோட்டியோடு சேர்ந்து அவனுக்காக வருந்தி முடித்த பிறகுதான் அந்தத் துப்பாக்கி வெடிக்கிறது. முதலிலேயே காட்டியிருந்தால் இது துப்பறியும் படமாகியிருக்கும்.

படமாக்கிய விதம் பற்றிக் கொஞ்சம். செலவு சுமார் 70 லட்சம் டாலர். ஹாலிவுட் கணக்கில் மிகச் சிறிய தொகை. கான்சாஸ் என்று நாம் பார்ப்பது கனடாவின் மனிடோபா. இலையுதிர்ந்த தட்டையான நிலம், தாழ்ந்த தொடுவானம், நிறம் வடிந்த சாம்பல் வெளிச்சம். ஒளிப்பதிவாளர் ஆடம் கிம்மல் அகலமான திரைச்சட்டத்தில் மனிதர்களை மிகச் சிறிதாக வைக்கிறார். நியூயார்க் விருந்துகளில் சட்டம் நிரம்பி வழியும், எல்லோரும் சிரிப்பார்கள், நடுவில் கபோட்டி. அடுத்த காட்சியில் சிறை அறை. மைக்கேல் டானாவின் இசை சில பியானோச் சுரங்களோடு நின்றுவிடுகிறது. சிறைக்காட்சிகளில் மூச்சும் நாற்காலி நகரும் சத்தமும் கேட்க வேண்டும் என்பதற்காக இசை விலகி நிற்கிறது. கொலையாளிகளைப் புகைப்படம் எடுக்க வரும் ரிச்சர்ட் அவெடனாக நடித்திருப்பதும் கிம்மலேதான்.

அடுத்த ஆண்டே இதே காலத்துண்டை எடுத்து டக்ளஸ் மெக்ராத் 'இன்ஃபேமஸ்' இயக்கினார். அதில் டோபி ஜோன்ஸ் உயரத்திலும் குரலிலும் ஹாஃப்மேனைவிட அசலுக்கு அருகில். நியூயார்க் வம்புப்பேச்சும் அதில்தான் சுவை. ஆனால் பெர்ரியாக டேனியல் கிரெய்க். உண்மையான பெர்ரி குட்டையானவர், மோட்டார் சைக்கிள் விபத்தில் கால்கள் நொறுங்கியவர். தன்னைப் போலவே குள்ளமான, கைவிடப்பட்ட ஒருவனைக் கபோட்டி அங்கே பார்த்தார் என்பதில்தான் இந்த உறவின் முடிச்சே இருக்கிறது. கிரெய்க்கின் உடற்கட்டு அந்த முடிச்சை அவிழ்த்துவிடுகிறது. ரிச்சர்ட் புரூக்ஸ் 1967-ல் புத்தகத்தையே படமாக்கியபோது கிளட்டர் குடும்பத்தின் உண்மையான வீட்டிலேயே படம்பிடித்தார். இவற்றைப் பார்க்க நினைப்பவர்கள் புத்தகத்தை முதலில் முடித்துவிட்டு, 1967 படத்தையும் 'கபோட்டி'யையும் அந்த வரிசையில் பார்க்கலாம். புத்தகத்தில் எழுதியவர் எங்கும் இல்லை, 'நான்' என்று ஒரு இடத்தில்கூட வராது. அந்தக் காலி இடத்தில் யார் உட்கார்ந்திருந்தார் என்பதை 'கபோட்டி' காட்டும்போது அதன் வலிமை அப்போதுதான் முழுதாகத் தெரியும்.

தூக்கு முடிந்தபின் கபோட்டி லீயிடம் தொலைபேசியில் சொல்கிறார், அவர்களைக் காப்பாற்றத் தன்னால் எதுவும் செய்திருக்க முடியாது என்று. இருக்கலாம், ஆனால் உனக்கு அந்த எண்ணம் இருக்கவில்லை என்கிறார் லீ. இந்தப் பேச்சு திரைக்கதையின் படைப்பு. படத்தின் தீர்ப்பும் அதுவே. அதோடு நிறுத்தியிருக்கலாம். பிறகு திரையில் எழுத்துகள் வருகின்றன: அவர் இன்னொரு புத்தகத்தை முடிக்கவே இல்லை என்று. 'இன் கோல்ட் பிளட்' 1965 செப்டம்பர் 25 முதல் 'நியூயார்க்கர்' பத்திரிகையின் நான்கு இதழ்களில் வந்து, 1966 ஜனவரியில் நூலானது. 1980-ல் 'மியூசிக் ஃபார் கமீலியன்ஸ்' வந்தது. அது கதைகளும் கட்டுரைகளும் அடங்கிய தொகுப்பு, நாவல் இல்லை என்று வாதாடலாம். அப்படியும் அது முடிக்கப்பட்ட ஒரு புத்தகம்தான், அதில் ஒரு கொலை வழக்கைப் பற்றிய நீண்ட பகுதியும் இருக்கிறது. முடியாமல் போனது பல ஆண்டுகளாகப் பேசிவந்த 'ஆன்ஸர்டு பிரேயர்ஸ்' நாவல். 1984 ஆகஸ்டில் அவர் இறக்கும்போது அது துண்டுகளாகவே கிடந்தது.